சண்முகசுந்தரம் சாரின் வெள்ளை வேன்

"டேங்க்ல தண்ணி ஊத்துனா கொஞ்ச தூரமாவது ஓடுமா மாமே?" என்று அமல்ராஜ் கேட்டபோது ஹேமநாதன் கதவைத் திறந்து இறங்கினான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

போளூரைத் தாண்டி ஜவ்வாது மலையில் பாதி தூரம் ஏறிய பிறகு, முன்னும் பின்னும் காடாக இருந்த ஒரு வளைவில் வேன் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. பெட்ரோல் முள் மட்டும் முக்கால் டேங்க் என்று காட்டிக்கொண்டிருந்தது. பூந்தமல்லியில் முக்கால். வேலூரிலும் முக்கால். போளூரிலும் அதே முக்கால்.

"நானும் நல்ல மைலேஜுன்னு நினைச்சேன்" என்றான் கிஷோர்.

"முள்ளு செத்துப்போச்சுடா. செத்த முள்ளப் பாத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டிக்கினு வந்துகீறே" என்றான் ஹேமநாதன்.

"வண்டி நீதான மச்சான் கொண்டாந்தே. என்னைக் கேட்டா?"

வண்டி ஹேமநாதனுடையதும் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் சாருடையது. லாட்ஜ் கிடையாது, ஓட்டல் கிடையாது, வேனிலேயே சமையல், வேனிலேயே படுக்கை என்று அமல்ராஜ் போட்ட சிக்கனத் திட்டத்துக்கு ஒரு வேன் தேவைப்பட்டது. ஹேமநாதன் தயங்கித் தயங்கிக் கேட்டான். சார் உடனே சாவியை நீட்டிவிட்டார்.

"திருமுல்லைவாயில்ல நம்ம ஊட்டாண்ட வேப்பமரத்தடியில நிக்கும், வெள்ளை வேன். நாங்க கும்பகோணத்துல ஒரு கல்யாணத்துக்குப் போறோம், திங்கக்கிழமை ராத்திரிதான் வருவோம். பெத்த புள்ள மாதிரி வச்சிருக்கேன், பார்த்து ஓட்டு."

ஒப்பந்தத் தொழிலாளர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்ற பட்டியல் அப்போது அதே சாரின் மேஜையில்தான் இருந்தது. ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஹேமநாதனின் பெயர் அதில் ஏறியிருந்தது. இன்னும் கையெழுத்து ஆகவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் நண்பர்கள் மூவரும் போய் வேனை எடுத்தார்கள். சாவி லேசில் திரும்பவில்லை. ஏசி மெக்கானிக்கான கிஷோர் நாலு தரம் இப்படியும் அப்படியும் ஆட்டியதும் கதவு திறந்தது; அதே ஆட்டலில் வண்டியும் கிளம்பியது. உள்ளே பார்த்தபோது பெத்த பிள்ளையை வளர்த்த மாதிரி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சண்முகசுந்தரம் சார் பேச்சில் எப்போதுமே பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்ரோல் வாங்கிவர கிஷோர் கேனோடு ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு போனான். "வெயில்ல நின்னா பெயின்ட் போயிடும் மாமே" என்று அக்கறையோடு அமல்ராஜ் சொல்ல, இருவருமாக வேனைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள்.

அமல்ராஜ் ஆவடியில் செல்போன் கடை வைத்திருப்பவன். மரத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

அடுப்பைப் பற்றவைத்து உப்புமாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து ஒரு பலாப்பழம் விழுந்தது. பதினைந்து கிலோவாவது இருக்கும். வேனின் கூரையில் விழுந்து, உருண்டு, அடுப்பையும் உப்புமாவையும் சேர்த்து நசுக்கிவிட்டு நின்றது.

கூரையில் ஒரு அண்டா அளவுக்குப் பள்ளம்.

ஹேமநாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"நல்லவேளை, நம்ம தலையில விழல" என்றான் அமல்ராஜ்.

"என் தலையிலதான்டா விழுந்துகீது."

இருவரும் இப்படிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், திறந்து கிடந்த பின்கதவு வழியாக ஐந்து குரங்குகள் உள்ளே போய் பிஸ்கட்டைத் தேடத் தொடங்கின. பிஸ்கட் அமல்ராஜின் பையில் இருந்தது. அவை சீட்டுக்குள் தேடின. பஞ்சு காட்டுக்குள் பறந்தது. விரட்டப்போன அமல்ராஜ் பதற்றத்தில் கதவை இழுத்துச் சாத்திவிட்டான். ஒரு குரங்கு உள்ளேயே மாட்டிக்கொண்டது. அது வெளியே வருவதற்குள் மிச்சமிருந்த சீட்டையும் முடித்துவிட்டது.

பெட்ரோலோடு திரும்பிய கிஷோர் வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இதுக்கா மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு கீறீங்க? உள்ள இருந்து ஜாக்கி வச்சு ஏத்துனா பள்ளம் தானா மேல வந்துடும்."

பள்ளம் மேலே வந்தது. வந்தது நிற்கவில்லை. 'போதும், போதும்' என்று ஹேமநாதன் சொல்லி முடிப்பதற்குள் பள்ளம் இருந்த இடத்தில் ஒட்டகத் திமில் எழும்பிவிட்டது. அதை அமுக்குவதற்காக அமல்ராஜ் மேலே ஏறி உட்கார்ந்தான். அமல்ராஜ் தொண்ணூறு கிலோ. இப்போது கூரை முழுவதுமே உள்வாங்கி, நடுவில் ஒரு கீறலும் விழுந்தது.

சாயங்காலம் மழை பெய்தது. வெளியே பெய்த மழை அப்படியே உள்ளேயும் பெய்தது. மூவரும் வேனுக்குள் ஒரே குடையைப் பிடித்தபடி, அடுப்பை நசுக்கிய பலாவின் சுளைகளைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சார் கேட்டா இன்னா சொல்லப்போறே?" என்றான் கிஷோர்.

"நீ பேசாதே."

"இல்ல மச்சான், யானை மிதிச்சுதுன்னு சொல்லிடேன். யானைன்னா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

"கூரை மேலயா மிதிச்சுது?"

கிஷோர் இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "குட்டி யானை" என்றான்.

மறுநாள் காலையில் வேனெல்லாம் பலாப்பால் பிசுபிசுத்தது. இப்படியே கொண்டுபோக முடியாது என்று ஓடையோரம் கழுவ நிறுத்தினார்கள். ஹேமநாதன் துணியை நனைத்துக்கொண்டிருந்தபோது வேன் மெதுவாக அவனைத் தாண்டிப் போனது.

"ஹேண்ட் பிரேக் போட்டியாடா?"

"போட்டேன். அது புடிக்கல" என்றான் கிஷோர்.

வேன் ஓடையில் இறங்கி, மூக்கைத் தண்ணீரில் வைத்து நின்றது. அரைமணி நேரம் கழித்து டிராக்டரோடு வந்த மலைக்காரர் ஒருவர் பம்பரில் கயிற்றைக் கட்டி இழுத்தார். பம்பர் மட்டும் கரைக்கு வந்தது. அவர் இறங்கி வந்து அதைப் பார்த்தார்.

"கொஞ்சம் வந்துடுச்சு. மீதியும் வேணுமா?" என்றார்.

வேண்டும் என்றார்கள். மீதியும் வந்தது. வழியில் ஒரு டயர் வெடித்தது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதில் காற்றும் இல்லை, பல்லும் இல்லை. ஹேமநாதன் முதல்முறையாகச் சண்முகசுந்தரம் சாரை வாய்விட்டுத் திட்டினான். பிறகு, பட்டியல் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். அந்த ஸ்டெப்னிக்கே காற்றடித்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஞாயிறு மத்தியானம் கரையான்சாவடியில், கிஷோருக்குத் தெரிந்த டிங்கர் மோகனின் ஷெட்டில் வேனை விட்டார்கள். மோகன் கூரையைத் தட்டி நேராக்கி, பம்பரைப் பொருத்தி, அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்தான். பழைய வெள்ளை மோர் நிறத்தில் இருந்தது. புது வெள்ளை பளீரென்று, தலையில் கட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது.

"முழு வண்டிக்கும் அடிச்சுட்டா தெரியாது அண்ணாத்தே" என்றான் மோகன்.

முழு வண்டிக்கும் அடித்தான். அடித்தபோது பின்பக்கம் எழுதியிருந்த எழுத்தும் மறைந்துபோனது. அங்கே என்ன எழுதியிருந்தது என்பதில் மூவருக்கும் சண்டை வந்தது. 'வேலும் மயிலும் துணை' என்றான் கிஷோர். சாமி பெயரே இல்லை, 'ஒலி எழுப்பவும்' என்றுதான் இருந்தது என்றான் ஹேமநாதன். அமல்ராஜின் செல்போனில் ஒரு படம் இருந்தது. அதில் எழுத்தில் முக்கால்வாசியை அவனே மறைத்துக்கொண்டு நின்றான். 'துணை' மட்டும் தெரிந்தது.

"வெறும் துணைன்னு எழுதிடலாம். யாரு துணைன்னு சாரே நினைச்சுக்கட்டும்" என்றான் அமல்ராஜ்.

திங்கட்கிழமை ஹேமநாதன் லீவு போட்டான். புது சீட் கவர், புது டயர், உயிருள்ள பெட்ரோல் முள். பலா வாசனை போக நாலு ஊதுபத்திப் பாக்கெட். அவன் மனைவி கலைவாணி காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தவள், அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. அன்று சாயங்காலம் வேனைத் திருமுல்லைவாயிலுக்குக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வேப்பமரத்தடியில் நிறுத்தினான். கல்யாண வண்டி மாதிரி பளபளத்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. எந்தக் குருடனும் என்ன நடந்தது என்று கேட்பான்.

இரவு முழுக்கப் புரண்டுவிட்டு, மறைப்பதைவிடக் காலில் விழுந்துவிடுவதே மேல் என்று முடிவுசெய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு சாரின் வீட்டு அழைப்புமணியை அடித்தான். சாரின் மனைவி பார்வதம் கதவைத் திறந்தாள். சார் துண்டோடு வந்தார்.

"வாப்பா ஹேமநாதா. இன்னா இவ்ளோ காலையில? நானே கேக்கணும்னு இருந்தேன், நீ ஏன்..."

"கேக்காதீங்க சார். நானே சொல்லிடுறேன்."

சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. பலாப்பழம், குரங்கு, ஜாக்கி, அமல்ராஜின் தொண்ணூறு கிலோ, ஓடை, டிராக்டர், கம்மல் வரை ஒன்றையும் விடவில்லை. குட்டி யானையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சார் வாயைத் திறக்கப் போனபோதெல்லாம் "முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு ஜன்னல் வழியாக வேப்பமரத்தடியைக் காட்டினான்.

"முன்ன இருந்ததவிட நல்லாவே செஞ்சு கொண்டாந்து நிறுத்திட்டேன் சார். லிஸ்ட்ல என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

சார் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அது எந்த வண்டிப்பா?" என்றார்.

பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாத அளவுக்கு மனிதரை நோகடித்துவிட்டோமே என்று ஹேமநாதன் நினைத்துக்கொண்டான். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து நின்றான்.

காபி டம்ளரோடு வந்த பார்வதம் ஜன்னலையும் சாவியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி சொல்றே? நம்ம வண்டிய ஊருக்குப் போறப்போ ஊட்டுக்குப் பின்னாடி நிறுத்திட்டுல்ல போனோம், நாலு நாளா அங்கதான் தூசி படிஞ்சு நிக்குது. நீ யாரு வண்டிக்குப் பெயின்ட் அடிச்சுக்கினு வந்து கீறே?"