ஆபீசர் பார்க்க வந்த டிவி

எனக்கு ஒரு வியாதி உண்டு. வெளியாள் வரும்போது வீட்டில் ஓட்டை உடைசல் எதுவும் கண்ணில் படக்கூடாது. அந்த வியாதியால்தான் எங்கள் சீவலப்பேரி வீட்டுக்கு வரவேண்டிய கலர் டிவி வராமல் போயிற்று. (நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்குக் கைநாட்டுதான். இப்போதே சிரிக்கிறாள்.)

தொண்ணூறுகளில் எங்களிடம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. வயசாகிப் போனது, தலையில் தட்டினால்தான் பேசும். என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட குமாஸ்தா. டிவிக்குக்கூட என் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். ஐப்பசியில் ஒருநாள் இடி இடித்து டிவி புகைந்து அணைந்தது. மனுசருக்கு முகமெல்லாம் சந்தோசம்.

"ஏட்டி, வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீசர் டிவியப் பாக்க வாராரு. அவரு எழுதிக் குடுத்தா கலர் டிவி வாங்கிரலாம்."

எனக்கு உயிர் போகிற ஆசை. விளம்பரத்தில் வரும் பட்டுச்சேலை எல்லாம் எங்கள் டிவியில் சாம்பல்தான். எதிர்வீட்டு மதினி, "அது மாம்பழக் கலருல்லா" என்பாள். வயிறு எரியும்.

அதனால் யோசித்தேன். (அதுதான் தப்பு.) சாமானை ஒழுங்காக வைத்திருக்கிற வீட்டுக்குத்தானே ஆபீசர் புதுசு கொடுக்கச் சொல்லுவார்? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தலை சீவாமலா நிறுத்துவோம்?

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் செல்லையா அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். உள்ளே கருகிக் கிடந்த ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றி வேறு போட்டார். டிவி பேசியது. "இந்தாங்க, பழசு" என்று கருகினதைக் கையில் கொடுத்தார். கரிந்த சாமான் வீட்டில் கிடந்தால் ஆகுமா? கிழிந்த சாமி படத்தை விடுகிற மாதிரி ஆற்றில் விட்டு, மூன்று முங்கு முங்கி வந்தேன். டிவியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்ட துணியும் போர்த்தினேன்.

சாயங்காலம் ஆபீசரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தே வந்தார்கள்.

"பழுதான டிவி எங்கம்மா இருக்கு?"

"நம்ம வீட்டுல பழுதான சாமானே கிடையாதுய்யா" என்று சுவிட்சைப் போட்டேன். வாழைக்கு உரம் வைப்பதைப் பற்றி யாரோ பேசினார். தட்டாமலே பேசினார். ஆபீசருக்குப் பின்னால் நின்று என் வீட்டுக்காரர் கையைக் கையை ஆட்டினார். சத்தம் போதவில்லை போல என்று கூட்டி வைத்தேன்.

ஆபீசர் தங்கமான மனுசர். "ரிப்பேர் பாத்துட்டீங்களாக்கும். எரிஞ்ச பாகத்தக் காட்டுங்க, அத வச்சு எழுதுதேன்."

"அத ஆத்துல விட்டுட்டேனேய்யா."

"எங்கன விட்ட?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"படித்துறையிலதான். மூணாம் படிக்கிட்ட."

எல்லாருமாகப் படித்துறைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் பேண்டை முட்டுக்கு மேலே சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். ஆபீசர் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் நின்றார். பாதி ஊர் கூடிவிட்டது. முதல் முங்கில் ஒரு சோப்பு டப்பா. அடுத்ததில் பித்தளைச் செம்பு. "அது எங்க வீட்டுச் செம்புல்லா" என்று மதினி வாங்கிக்கொண்டு போனாள். ட்ரான்ஸ்பார்மர் மட்டும் வரவில்லை.

ஆபீசர் கடைசியில், "சார், ஏறி வாங்க. இதுக்கு மேல முங்குனா உங்களுக்குத்தான் கிளெய்ம் எழுதணும்" என்றார்.

டிவி நன்றாக ஓடுகிறது என்று அவர் எழுதிய காகிதத்தில் நானே கட்டைவிரலை வைத்தேன். அதற்கப்புறம் அது கெடவே இல்லை. இடி இடிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதை ஆசையோடு பார்ப்பார். அது பாட்டுக்கு ஓடும்.

இப்போதும் கரண்ட் ஆபீசோ, ரேஷன் கார்டு விசாரணையோ, யார் வந்தாலும் முதல் காரியமாக என்னை வண்ணார்பேட்டையில் மகள் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுகிறார்கள். போன வருசம் பேரனின் செல்போன் கிளெய்முக்கு, "ஆச்சி, நீ கிளம்பு, போன நான் பாத்துக்கிடுதேன்" என்று அவனே கொண்டுபோய் விட்டான். அங்கே எனக்கு வேளாவேளைக்குச் சோறு, ஒரு வேலை கிடையாது.

இரண்டு மாதமாக எந்த ஆபீசரும் வரக் காணோம். பிரிட்ஜுக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.