பாதி எடை ஸ்கீ

நெல்சன், பிரிட்டிஷ் கொலம்பியா
மார்ச் 19

அன்புள்ள மச்சான் நிக்குக்கு,

உன் அத்தான் வால்ட்டர் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா எல்சியும் நலம், பனியும் நலம், நேற்றுகூட ஒரு முழம் விழுந்தது. அங்கே நீயும் உன் இடுப்புப் பிடிப்பும் எப்படி என்று ஒரு வரி எழுது.

என் பழைய ஸ்கீ ஜோடியை இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் உனக்கு அனுப்பிவிட்டேன். 'அத்தானுக்கு என்ன திடீரென்று தாராளம்' என்று நீ சந்தேகப்படுவாய். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் மலைக்குடிலுக்கு ஸ்கீ மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் பனியில் ஏறிப் போவோம் இல்லையா, போன வருஷம் எல்சி போய்ச் சேர்ந்து முக்கால் மணி நேரம் கழித்து நான் சேர்ந்தேன். அவள் போர்ஷ்ட் சூப்பைச் சுடவைத்து, ஆறவைத்து, மறுபடி சுடவைத்து உட்கார்ந்திருந்தாள். "அடுத்த வருஷம் நான் தனியாவே வந்துக்கறேன், நீ வீட்ல குளிர் காஞ்சுக்கிட்டு இரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருஷம் சேர்ந்து ஏறியவர்கள் நாங்கள்.

என்மேல் என்ன தப்பு இருக்க முடியும்? தப்பு ஸ்கீயின் கனத்தில்தான். பழைய ஜோடியைக் கயிற்றால் கட்டி எல்சி ரொட்டி மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன், மூவாயிரத்து நானூற்று இருபது கிராம். அன்றிலிருந்து எனக்குக் கிராம் பைத்தியம் பிடித்தது. பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்தேன், சூப்புக் கரண்டியின் காம்பையும் அறுத்தேன். "அது எங்கம்மாவோட கரண்டிய்யா, பாவி!" என்று எல்சி கத்திய பிறகுதான் உங்கள் அம்மாவின் கரண்டி என்று தெரிந்தது. உன்னிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் ஸ்கீ விற்கும் டெஸ் கடைக்குப் போனேன். "ஏறுறதுக்கு வேணுமா சார், இறங்குறதுக்கு வேணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஏறினாத்தானேம்மா இறங்க முடியும்" என்றேன். ஒல்லியானது ஏறும்போது பஞ்சு, ஆனால் புதுப் பனியில் முங்கிவிடும். அகலமானது இறங்கும்போது தெப்பம், ஏறும்போது பாறாங்கல். நடுவாந்திரமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இந்த ஊர் வழக்கப்படி ஒன்றை மட்டும் ஒரு கையில் தூக்கி, கண்ணை மூடி, "ம்ம்" என்றேன். கடையில் இருந்த கிழவர்கள் எல்லாரும் அதையே வாங்கித் தூக்கி "ம்ம்" என்றார்கள். விலைச் சீட்டில் ஆயிரத்து எழுநூறு கிராம் என்று போட்டிருந்தது. சரி பாதி! "சார், அந்த எண்ணு வந்து..." என்று டெஸ் ஏதோ ஆரம்பித்தாள். "முப்பது வருஷம் தபாலாபீஸ்ல எடை போட்டவன்மா, எனக்கா எண்ணு சொல்லித் தர்றே?" என்று அவள் வாயை அடைத்தேன்.

போன சனிக்கிழமை ஏறினோம் பார், பின்னால் வழுக்காமல் இருக்க அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு கிளம்பியவன்தான், கால் தரையில் படவில்லை! எல்சி எங்கேயோ கீழே வந்துகொண்டிருந்தாள். மேலே நின்று, "என்ன எல்சி, மூச்சு வாங்குதா?" என்று கத்தினேன். "உன் புது ஸ்கீ பறக்குது, நான் என்ன பண்ண!" என்றாள். நான்தான் முதலில் போய் அடுப்பு மூட்டினேன், நான்தான் சூப்பைச் சுடவைத்தேன், காம்பில்லாத கரண்டியால் விரலையும் சுட்டுக்கொண்டேன். ஆகவே மச்சான், மனுஷனுக்கு வயசாவதே இல்லை, ஸ்கீக்குத்தான் ஆகிறது.

பழைய ஜோடி உனக்கு ராசியாக அமையட்டும். குழந்தைகளுக்கு எங்கள் முத்தங்கள், உன் இடுப்புக்கு என் அனுதாபம்.

அன்புடன்,
வால்ட்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், உனக்குச் சரியான எடையை எழுதலாம் என்று புது ஸ்கீயைத் தராசில் வைத்தேன். ஆயிரத்து எழுநூறு, அச்சாக. பெருமையாக நிமிர்ந்தபோதுதான் இன்னொன்று சுவரில் சாய்ந்து நிற்பது கண்ணில் பட்டது. சீட்டில் போட்டிருந்தது ஒற்றை ஸ்கீயின் எடை. இரண்டும் சேர்ந்தால் மூவாயிரத்து நானூறு. பழைய ஜோடிக்கும் இதற்கும் வித்தியாசம் இருபது கிராம், ஒரு தபால் உறையின் கனம்.

அப்படியானால் நான் எப்படி முந்தினேன் என்று எல்சியிடம் கேட்டேன். மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "நவம்பர்லேர்ந்து முட்டி வலி. சொன்னா இந்த வருஷம் வேண்டாம்னு என்னை உட்கார வச்சிருப்பே." அந்த முட்டியோடு நாலு மணி நேரம் ஏறியவளைப் பார்த்துத்தான் நான் மேலே நின்று மூச்சு வாங்குதா என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, நிக்.

நாளைக்கு எல்சியை அழைத்துக்கொண்டு டெஸ் கடைக்குப் போகிறேன். இருப்பதிலேயே லேசான ஜோடி அவளுக்கு. டெஸ் பேசி முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். என் பழைய ஸ்கீயைத் தயவுசெய்து அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடு. அடுத்த மார்ச்சில் அவளுக்குப் பின்னால் ஏறுவதற்கு எனக்கு அந்த இருபது கிராம் கூடுதல் கனமும் வேண்டும்.