தக்காளிப் பெட்டியும் அருள்குமாரின் கண்ணும்

நல்லம்பள்ளி,
கார்த்திகை, வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் முனிராஜ் அவர்களுக்கு, மாயவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை பாஞ்சாலியும் பிள்ளைகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. போனில் பேசினால் பாஞ்சாலி பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

பாப்பாரப்பட்டியிலிருந்து நீங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்ட தக்காளிப் பெட்டி வந்து சேர்ந்தது. அத்தனையும் காய். உங்கள் அப்பா காலத்திலிருந்தே இதுதான் நடக்கிறது. அவர் காயை அனுப்புவார், பாஞ்சாலி பழம் என்று சாதிப்பாள், பிறந்த வீட்டுப் பொருளை யார் விட்டுக்கொடுப்பார்கள், நான் வைக்கோலில் போட்டுப் பழுக்க வைப்பேன், பழுக்காமலே அழுகிவிடும். அது என்ன ரகமோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தக்காளி போகட்டும் மச்சான், பிள்ளையின் வேலையே போய்விட்டது. அருள்குமார் சின்ன வயதில் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனால் ரயில் போன பிறகும் திரும்பி வரமாட்டான். ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியவனை மருத்துவச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லையாம். ஒரு புத்தகத்தைக் காட்டி என்ன எண் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நானும் வாங்கிப் பார்த்தேன், வெறும் புள்ளிகள்தான், எண்ணே அச்சாகவில்லை. அறுபது தாண்டியும் கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறவன் நான், என்னை ஏமாற்ற முடியுமா. அதைச் சொன்னதும் டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பள்ளியில் படித்த பட்டாணிச் செடிப் பாடத்தை வைத்து, நெட்டையும் குட்டையும் சேர்ந்தால் நெட்டைதானே ஜெயிக்கும், என் கண் ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்டேன். "இது பட்டாணிக் கணக்கு இல்லைங்க. இந்தக் குறை அப்பாகிட்ட இருந்து பையனுக்கு வராது, அம்மா வழியாத்தான் வரும். அம்மாவுக்குப் பார்வை நல்லாவே இருக்கும், அவங்களுக்கே தெரியாது. அப்பாவுக்கு இருந்தா அத்தனை பொண்ணுங்களுக்கும் குடுத்துருவார், பையனுக்குக் குடுக்க மாட்டார்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உங்கள் அப்பா பாஞ்சாலிக்குக் கொடுத்தார், அவள் என் பிள்ளைக்குக் கொடுத்தாள். இல்லையென்றால் என் கல்யாணத்துக்குச் சிவப்புக் கரைப் பட்டு வேட்டி என்று சொல்லி மண் நிறக் கரை வேட்டியை ஏன் எடுத்து வந்தார்? பந்தலில் அத்தனை பேரும் நல்ல சிவப்பு என்று தலையாட்டினார்கள். பெரிய மனிதர் மனம் நோகக்கூடாதே என்று நானும் கட்டிக்கொண்டேன்.

ஆகையால் மச்சான், ஆவணியில் தட்டு மாற்றிய என் மகள் கலைமதி, உங்கள் மகன் கதிரவன் கல்யாணத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். தாத்தாவிடமிருந்து மகன் வழிப் பேரனுக்கு இது போகாது, உங்கள் கதிரவனுக்குத் தாத்தாவால் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். இருக்கட்டும். பையன் வேலை போனதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நாளைக்கு என் பேரன் வேலையும் போவதைப் பார்க்கத் தெம்பில்லை. கலைமதி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகள் நூறாண்டு வாழட்டும், தனித்தனியாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்,
மாயவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பாஞ்சாலி கடிதத்தைப் படித்துவிட்டாள். பெட்டியிலிருந்து ஒரு தக்காளியையும், தோட்டத்துச் செடியிலிருந்து ஒன்றையும் எடுத்து வந்து நீட்டினாள். "எது பழம், சொல்லுங்க." இரண்டும் காய் என்றேன். கலைமதியைக் கூப்பிட்டாள். "இது நல்லாச் செவந்த பழம்ப்பா, அது காய்" என்றாள் பெண். பிறகு கதவுக்குப் பின்னால் போய் அழுதாள்.

"எங்கப்பா அனுப்புன பழத்தையெல்லாம் வைக்கோல்ல போட்டு அழுக வுட்டீங்களே" என்று உங்கள் தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. "அப்படியே அனுப்புங்க. எங்கண்ணன் படிக்கட்டும்."

மச்சான், பையனுக்கு நான் கொடுக்கவில்லை, அது உங்கள் வீட்டில் யார் வழியாகவோ வந்தது. கலைமதிக்குக் கொடுத்தது நான்தான். நாளை அவளுக்குப் பிறக்கும் பையனுக்கு இது வரலாம். இதை மறைக்காமல் கதிரவனிடம் சொல்லுங்கள். அவன் வேண்டாம் என்றால் நான் கேள்வி கேட்கமாட்டேன். சரி என்றால் தை முகூர்த்தம் அப்படியே இருக்கட்டும். கூரைப் புடவை எடுக்கப் போகும்போது மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.