பதினாறாம் கட்டத்துப் பறவை

கரமனை, திருவனந்தபுரம்.
செவ்வாய்க்கிழமை.

மகாராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு ஸ்ரீகண்டன் அநேக நமஸ்காரம். இங்கே நானும் அனந்தலக்ஷ்மியும் பத்தொன்பது பறவைகளும் சௌக்கியம். அங்கே உங்கள் முட்டிவலியும் அக்காவின் சர்க்கரையும் சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் இவள் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். தவிர, எனக்கு வேண்டியது உங்கள் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம்.

சென்ற தை மாதம் நீங்கள் வந்திருந்தபோது நான் கிழக்கேகோட்டையில் ஷாஜி என்பவனிடம் ஒரு ஜோடி பச்சை லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தது நினைவிருக்கும். "சாரே, ரெண்டிண்டேயும் அம்ம வெள்ளையா, ஒறப்பு", அதாவது இரண்டுக்கும் தாய் வெள்ளை, நிச்சயம், என்று அவன் சொன்னதை நான் உங்களிடம் சொல்ல, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திய கை சும்மா இருக்காமல், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நீங்கள் கட்டம் போட்டீர்கள். நிறத்துக்கு இரண்டு சங்கதி: நீலத்தை உண்டாக்குவது ஒன்று, மஞ்சளை உண்டாக்குவது ஒன்று. இரண்டும் இருந்தால் குஞ்சு பச்சை, ஒன்று மட்டும் இருந்தால் அந்த நிறம், இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. வெள்ளைத் தாய்க்குப் பிறந்ததால் நம் ஜோடியில் ஒவ்வொன்றும் அந்த இரண்டு சங்கதியிலும் பாதி வெறுமையை உள்ளே வைத்திருக்கிறது. அப்பன் கொடுக்கக்கூடிய நாலு வகையை மேலேயும் அம்மா கொடுக்கக்கூடிய நாலு வகையைப் பக்கத்திலும் எழுதி, பதினாறு கட்டத்தையும் நிரப்பினீர்கள். ஒன்பது பச்சை, மூன்று நீலம், மூன்று மஞ்சள், கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வெள்ளை. மறுநாள் ஊருக்குப் போய்விட்டீர்கள். அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியது நான். பதினாறில் ஒரு குஞ்சு வெள்ளையாக வரும் என்று அனந்தலக்ஷ்மியிடம் சொன்னதும் நான்தான். முப்பத்தாறு வருஷம் நிருபராக இருந்து, நடந்ததைத் தவிர வேறொன்றும் எழுதாதவன், நடக்கப்போவதைச் சொன்னது அந்த ஒரு நாள்தான்.

அவள் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் என்பதை நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன். பதினாறு கட்டத்தைப் பார்த்தால் அவளுக்குப் பதினாறு பெர்த். முதல் ஈட்டில் ஐந்து குஞ்சு பொரித்தது, நாலு பச்சை, ஒரு நீலம். இறகு நிறம் தெரிந்த அன்றைக்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தை அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் போட்டுவிட்டாள். இரண்டாம் ஈடு ஆறு: நாலு பச்சை, ஒரு நீலம், ஒரு மஞ்சள். அதுவரை தகராறு இல்லை. அடுத்த வீட்டு சரஸ்வதியம்மாள் மட்டும் தினம் துணி உலர்த்தும்போது மதில் மேலே எட்டிப் பார்த்து, "வெள்ளை வந்துடுத்தா?" என்பாள். இல்லை என்றால், "பேப்பர்ல எழுதினவாதானே, தேதி போட்டுச் சொல்லப்படாதோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவாள்.

மூன்றாம் ஈட்டில்தான் வந்தது வினை. ஒரு பச்சை, ஒரு மஞ்சள், இரண்டு நீலம் என்று வந்ததில் நாலாவது நீலத்துக்கு இடமில்லை. "நீலம் மூணுதானே? இது மஞ்சளோட சீட்டுல ஏறியிருக்கு" என்றாள். ஒவ்வொரு முட்டையும் புதிதாகக் குலுக்கிப் போடுகிற சீட்டு, முன்னால் வந்தது எது என்று அதற்குத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னேன். "அதுக்குத் தெரியாட்டா என்ன, சார்ட்டுக்குத் தெரியுமோல்லியோ?" என்றாள். நேற்றுக் காலை பதினாறாவது குஞ்சு இறகு விட்டது. பச்சை, பத்தாவது பச்சை. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள், ஃபிரிட்ஜுக்குப் போனாள், திரும்பி வந்தாள். "ஏன்னா, வெள்ளைக்குப் போட்ட பெர்த்துல பச்சை வந்து உக்காந்துடுத்து. வண்டி ஃபுல். வெள்ளை வராது. கூண்டைக் கொடுத்துடலாம்." பதினேழாவது ஒன்று இன்னும் வெறும் தோலும் பசியுமாகக் கிடக்கிறதே என்றேன். அது சார்ட்டில் இல்லை என்றாள். ஷாஜியைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். அவனும் "சரி சேச்சி" என்றுவிட்டான்.

பறவைகள் சத்தம் போடும், தினையை வாரி இறைக்கும், சகஸ்ரநாமம் ஓடும்போது கூடவே கத்தும். எல்லாம் உண்மை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, காலையில் எழுந்தவுடன் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கென்று ஒரு செய்தி இருப்பது அந்தக் கூண்டில் மட்டும்தான். இதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். ஆகவே நீங்கள் அவள் பெயருக்கே ஒரு கடிதம் எழுத வேண்டும். கட்டம் சொல்வது வாய்ப்பைத்தான், வருகையை அல்ல என்று எழுதுங்கள். நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன்: நூறு வீட்டில் பதினாறு பதினாறு குஞ்சு பொரித்தால், முப்பத்தாறு வீட்டில் வெள்ளையே இருக்காது. நாம் அந்த முப்பத்தாறில் ஒரு வீடு, அவ்வளவுதான் என்று விளக்கி, கையெழுத்துப் போட்டு, ஷாஜி வருவதற்குள் கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கையெழுத்தில்லாத எதையும் அவள் கவுண்டருக்கு உள்ளே வாங்கியதில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் வேண்டும், இந்தத் தடவை உங்கள் கையெழுத்து அதைவிட அவசரம்.

இப்படிக்கு,
ஸ்ரீகண்டன்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: கடைசித் தகவல் வராமல் செய்தியை அனுப்பி எனக்குப் பழக்கமில்லை, அதனால் மூன்று நாள் கடிதத்தைப் பிடித்து வைத்தேன். பதினேழாவது இறகு விட்டுவிட்டது. வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, ஒரு பொட்டு நிறமில்லை. கூப்பிட்டுக் காட்டினேன். அனந்தலக்ஷ்மி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பதினாறாம் கட்டத்தில் பச்சையை அடித்து, வெள்ளை என்று எழுதி, தேதி போட்டாள். "வந்துடுத்து. சார்ட் சரியாயிடுத்து. ஷாஜி ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்றாள். வெள்ளை வரவில்லை என்றுதானே கூண்டு போகணும் என்றாய் என்று கேட்டேன். "அப்போ வரலே, அதனால போகணும். இப்போ வந்தாச்சு, வேலை முடிஞ்சுது" என்றாள். ஆகவே மேலே நான் கேட்டதை எழுத வேண்டாம், கட்டம் சரிதான் என்று ஆகி, அது இப்போது அவள் கட்சிக்குத்தான் உதவும். அதற்குப் பதிலாக, பதினேழில் ஒரு வெள்ளை வந்தது வெறும் தற்செயல், இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, கணக்கு உறுதிப்பட இன்னும் குறைந்தது நூற்றறுபது குஞ்சாவது பொரிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கட்டம் மட்டும் வரைய வேண்டாம்.