விசிலர் எறியாத விசில்

வன்னிச் சனம் ஒருவருடைய சொல்லையும் கேட்காது. வாத்தியார் சொன்னால் கேட்காது, வைத்தியர் சொன்னால் கேட்காது, சொந்தப் பெண்சாதி சொன்னால் கேட்கவே கேட்காது. இதை வாத்தியாராக இருந்து பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். அப்பேர்ப்பட்ட சனம், வயது சமயம் பாராமல், ஓர் ஆளுக்கு மட்டும் பயந்து ரெண்டடி பின்னுக்கு நகர்கிறது என்றால் அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்! அவர்தான் முல்லைத்தீவுக் கடற்கரையின் விசிலர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. அவருடைய மனைவிகூட "இந்த விசில் மனுசன்" என்றுதான் சொல்லுவா. கடலில் குளிக்க வருபவர்களைக் காவல் காக்கும் உயிர்காப்பாளர் வேலை. வெயிலில் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்ட சிவப்புச் சட்டை, அரைக் காற்சட்டை, கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு விசில்.

உயிர்காப்பாளர் என்றால் தாழுகிறவர்களைக் காப்பாற்றுபவர் என்று ஊருலகம் நினைக்கிறது. விசிலரின் கொள்கை வேறு. "தாழ விட்டால்தானே மாஸ்டர் காப்பாத்த வேணும்?" என்று கேட்பார். எனவே முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் விசில். கட்டையான ஆட்களுக்கு முழங்கால் கெதியாக நனைந்துவிடும். அதற்கு அவர் பொறுப்பில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருவரையும் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கியதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. மற்ற ஊர்க்காரர் காப்பாற்றிய கணக்குச் சொல்லுவார்கள். இவர் காப்பாற்றாத கணக்குச் சொல்லுவார்.

ஒருமுறை கோவில் தீர்த்தத் திருவிழா. மேளம் முழங்க, சனம் 'அரோகரா' சொல்ல, ஐயர் சாமியைத் தலையில் தாங்கிக்கொண்டு கடலில் இறங்கினார். தண்ணீர் ஐயரின் முழங்காலைத் தாண்டியது. விசில்! மேளம் நின்றுவிட்டது.

"ஐயா, சாமியோட ரெண்டடி பின்னுக்கு வாங்கோ!"

கோவில் தலைவருக்குக் கண் சிவந்தது. "டேய், சாமிக்கே விசில் ஊதிறியோ?" என்று பாய்ந்தார்.

"நான் சாமிக்கு ஊதேல்லை அண்ணை. சாமிக்கு நீந்தத் தெரியும். ஐயருக்குத் தெரியுமோ?"

ஐயர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பின்னுக்கு வந்தார். அந்த வருடம் சாமி முழங்கால் தண்ணீரில் தீர்த்தமாடியது. சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தலைவரே ஐயரிடம், "இதில நிப்பம் ஐயா, அவன் ஊதிப்போடுவான்" என்றாராம்.

இந்த மனிதரை வைத்துத்தான் என் மனைவியின் தம்பி கஜன் படம் எடுக்க வெளிக்கிட்டான்.

கஜன் கலியாண வீடியோ எடுக்கிறவன். ஊரார் தாலி கட்டுவதை எடுத்து எடுத்து அலுத்துப்போய், தன் பெயர் போட்டு ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்று பைத்தியமாகத் திரிந்தான். என்னிடம் கதை சொன்னான்.

"அத்தான், ஒரு உயிர்காப்பாளர். கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். தன்ர வாழ்க்கையைத் திரும்பிப் பாக்கிறார்."

"சரி, பிறகு?"

"பாக்கிறார் அத்தான்."

"பாத்துப்போட்டு?"

"எல்லாம் வீண் எண்டு தெரியுது. விசிலைக் கடலுக்குள்ள எறிஞ்சுபோட்டு பஸ் ஏறிப் போறார்."

"எங்க?"

"அதைச் சனம் யோசிக்கட்டும்."

சனம் யோசிப்பது இருக்கட்டும், கஜனின் தகப்பன், என் மாமா, யோசித்துவிட்டார். இந்தப் படம் முடியாவிட்டால் கஜன் கமராவை மறந்து பரந்தனில் மாமாவின் அரிசி ஆலைக்கு வந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். கமராவும் சொந்தமில்லை. வவுனியாவில் அவன் வேலை செய்த ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்தது. வார முடிவில் ஓமந்தையில் ஒரு கலியாணம். அதற்குள் கமரா திரும்பிவிட வேண்டும். ஆக, அந்த ஒரு கிழமைக்குள் படம், இல்லாவிட்டால் காலம் முழுக்கத் தவிடு.

நடிகருக்குக் கொடுக்கக் காசில்லாததால் விசிலரே விசிலராக நடித்தார். கமராப் பிடித்தது முல்லைத்தீவு ரிஸ்வான், கஜனின் கூட்டாளி. வசனம் எழுதியதும், வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்க டிவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை ரிஜிபோம் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான். முதல் வேலையைவிட இரண்டாவதை நன்றாகச் செய்தேன் என்று என் மனைவி சொல்லுவா.

ஆனால் என்ன கோதாரி, வெளிச்சம் அடிக்க முகம் வேண்டுமே! விசிலர் கடலை விட்டு முகத்தைத் திருப்பவே மாட்டேன் என்றார்.

"அண்ணை, கொஞ்சம் கமராவைப் பாருங்கோ."

"கமராவுக்கை ஒருத்தரும் தாழமாட்டினம், தம்பி."

நாங்கள் கரையில் நின்று எடுக்க, அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, எடுத்ததெல்லாம் முதுகு. சோக முதுகு, யோசிக்கிற முதுகு, தேத்தண்ணி குடிக்கிற முதுகு. நான் மட்டையைப் பிடித்து அந்த முதுகுக்கு வெளிச்சம் அடித்தேன்.

அடுத்தது வசனம். 'நான் வாழ்ந்து என்னத்தைக் கண்டேன்' என்று அவர் கடலைக் கேட்க வேண்டும். நான் தலையைப் பிய்த்து எழுதிய வரி அது. விசிலர் அதை வாசித்தார். "இதை உடன சொல்லேலாது மாஸ்டர். யோசிக்க வேணும்" என்றார். கஜனுக்கு ஒரே சந்தோஷம், மனிதர் பாத்திரத்துக்குள் இறங்கிவிட்டார் என்று. விசிலர் ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை உண்மையாகவே தன் வாழ்க்கையை யோசித்தார். பிறகு எழும்பி வந்தார்.

"யோசிச்சுப் பாத்தன் தம்பி. பிழை ஒண்டும் இல்லை. நல்லாத்தான் இருந்திருக்கிறன்."

கஜன் மணலில் குந்திவிட்டான். தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துத் திருப்திப்பட்ட ஒரு மனிதனை வைத்துக்கொண்டு சோகப் படம் எடுப்பது எப்படி?

அதைக்கூட முதுகை வைத்துச் சமாளித்துவிட்டோம். கடைசிக் காட்சியைச் சமாளிக்க முடியவில்லை. விசிலை எறியமாட்டேன் என்றுவிட்டார்.

"உங்கட விசிலை எறிய வேண்டாம் அண்ணை, இந்தாங்கோ" என்று கஜன் கடையிலிருந்து புது விசில் ஒன்று வாங்கிவந்தான். அவர் அதை ஊதிப் பார்த்தார். "இதுவும் ஊதுது தானே. ஊதுற விசிலை ஆரும் எறிவினமோ?" அடுத்ததாக ரிஸ்வான் எங்கேயோ தேடி, உள்ளே உருளும் கட்டை விழுந்துபோன ஓர் ஓட்டை விசிலைக் கொண்டுவந்தான். எங்கள் கஷ்டகாலம், விசிலர் அதை வாங்கிக்கொண்டு மணலில் குந்தியிருந்து, ஒரு புளியங்கொட்டையைத் தேய்த்து உள்ளே போட்டுத் திருத்திவிட்டார். "இப்ப நல்லா ஊதும் தம்பி" என்று சிரித்துக்கொண்டு நீட்டினார். கஜன் அழுதான்.

அன்றுதான் கடைசி நாள். பொழுது சரியத் தொடங்கிவிட்டது. ஸ்டூடியோக்காரர் தொலைபேசியில் கத்திக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மட்டையை மணலில் போட்டுவிட்டு நேரே போனேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ? ஒரு பொடியன்ர எதிர்காலம் இது. ஒரு விசிலுக்கு இவ்வளவு கதையோ?"

விசிலர் என்னைப் பார்க்கவில்லை. கடலைத்தான் பார்த்தார்.

"மாஸ்டர், சுனாமி வந்த அண்டைக்கு இதே கரையில நிண்டனான். என்ர தங்கச்சி, அவளின்ர பிள்ளையள், எல்லாரும் வத்திப்போன கடலைப் புதினம் பாக்க இறங்கினதுகள். அண்டைக்கு ஊத ஒருத்தரும் இருக்கேல்லை."

நான் திரும்பிப் போய் மட்டையைக் கையில் எடுத்தேன். வசனம் எழுதுகிறவன் என்று பெயர் வேறு.

பிறகு விசிலரே கஜனைப் பார்த்தார். பொடியன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். "சரி, எழும்பு தம்பி. அந்தப் புளியங்கொட்டை விசிலைத் தா. எறிஞ்சு துலைக்கிறன்" என்றார்.

கஜன் துள்ளி எழும்பினான். இந்த ஒரு காட்சிக்காவது முகம் வேண்டும். விசிலர் கடலைத்தான் பார்ப்பார் என்றால் கமராவைக் கடலில் வைத்தால் போச்சு! எங்கள் மூவருக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. ரிஸ்வான் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, கரையைப் பார்த்தபடி பின்பக்கமாகக் கடலில் இறங்கினான். கஜன் அவனுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னே போனான். விசிலர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். அந்த விசிலிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்கு, மச்சான்!" என்றான் கஜன். இடுப்பு நனைந்தது. "இன்னும் கொஞ்சம்!" வயிறு நனைந்தது.

விசிலர் கையை ஓங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தார். ஒரு கிழமையாக நாங்கள் தவம் கிடந்த முகம் கமராவுக்கு நேரே நின்றது. அந்த முகம் மாறியது. எறிய ஓங்கிய கை அப்படியே வாய்க்குத் திரும்பியது. ஐயோ, என்ன ஊதல் அது! கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றோடு திரும்பிப் பார்த்தார்கள். அதே நேரம் ஓர் அலை ரிஸ்வானின் தலைக்கு மேலால் வந்தது. கஜன் காணாமல் போனான். தண்ணீருக்கு மேலே கமராவும் அதைத் தூக்கிப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன.

விசிலர் பாய்ந்தார். ஒரு கையில் கஜனின் தலைமயிர், மறு கையில் ரிஸ்வானின் சட்டைக் கொலர். இழுத்துவந்து மணலில் போட்டார். கமராவில் ஒரு துளி ஈரமில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது.

"பாவிப் பொடியளே, இவ்வளவு காலமும் ஒருத்தரையும் தூக்கினதில்லை. என்ர பேரைக் கெடுத்துப்போட்டியளே!"

"அத்தான், எறியேல்லையே! எல்லாம் போச்சு!" என்று கஜன் உப்புத் தண்ணீரைத் துப்பித் துப்பி அழுதான். ரிஸ்வான் கமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். "மச்சான், இங்க வந்து பார்" என்றான். பார்த்தோம். எறிய வந்த மனிதர், கண் திறக்கிறார், எறியாமல் ஊதுகிறார். கஜன் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் அத்தான் படம்" என்றான். கமரா கடைசி பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓமந்தைக் கலியாணமும் நன்றாக நடந்ததாம்.

'முழங்கால் தண்ணி' என்ற பெயரில் படம் கிளிநொச்சி மண்டபத்தில் ஒரு படவிழாவில் ஓடியது. முல்லைத்தீவிலிருந்து ஒரு பஸ் நிறையக் கடற்கரைச் சனம் வந்து முன்வரிசைகளில் இருந்தது. பின்னால் கிளிநொச்சி ஆட்கள். ஓரத்தில் கொழும்பு விருந்தினர்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு, 'பாப்பமே' என்ற மாதிரி இருந்தார். முதுகுகள் ஓடி முடிந்தன. கடைசிக் காட்சி வந்தது. கண் திறந்தது, கை திரும்பியது, மண்டபம் அதிர விசில் கேட்டது.

முன்வரிசைச் சனம் ஒருவர் விடாமல் எழும்பியது! பழக்கதோஷம். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடிக்க, ஆண்கள் கதிரையையும் தூக்கிக்கொண்டு, எல்லோரும் ரெண்டடி பின்னுக்குப் போனார்கள். அவர்கள் எழும்பியதைப் பார்த்துக் கிளிநொச்சி எழும்பியது. கிளிநொச்சி எழும்பியதைப் பார்த்துக் கொழும்பு எழும்பிக் கை தட்டியது. பிறகு மண்டபம் முழுக்க ஒரே கைதட்டல். மாமா கதிரையில் ஏறி நின்று தட்டினார். "முதுகாலேயே நடிக்கும் ஒரு கலைஞரை இன்றுதான் கண்டேன்" என்று ஒரு விருந்தினர் பேசினார். அந்த முதுகுக்கு வெளிச்சம் அடித்தவன் நான் என்பதை இவ்விடத்தில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கஜன் மேடையில் விம்மிக்கொண்டிருந்தான். அரிசி ஆலைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான். விசிலர் மட்டும் கை தட்டவில்லை. எழும்பி நின்று, பின்பக்கம் திரும்பி, வரிசை வரிசையாக உற்றுப் பார்த்தார். பிறகு திருப்தியாகக் கதிரையில் இருந்துவிட்டார்.

"என்னண்ணை பாத்தனீங்கள்?" என்றேன்.

"எல்லாரும் பின்னுக்கு வந்திட்டினமோ எண்டு."

போன ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவுக்குப் போனேன். விசிலர் அதே இடத்தில் நின்றார். நான் அவரைக் காணாதவன்போலக் கடலில் இறங்கினேன். முழங்கால் நனைந்தது. சட்டம் தெரியும், நின்றிருக்கலாம். வேண்டுமென்றே இன்னும் ஓரடி வைத்தேன். முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது. சிரித்துக்கொண்டு ரெண்டடி பின்னுக்கு வந்தேன். எனக்காக ஊத ஓர் ஆள் இருக்கிறார்.