மூன்று இருமலுக்கு ஒரு குடம்

அந்தத் தெருவில் தண்ணீர் குழாயிலிருந்து வருவதில்லை. ஒருவருடைய உள்ளங்கையிலிருந்து வருகிறது.

நம்பாதவர்கள் சாயங்காலம் தெருமுனைக்கு வந்து பார்க்கலாம். கூட்டம் முண்டியடிக்கும். குடம், வாளி, பெயின்ட் டப்பா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் வரிசையில் நிற்கும். பொதுக்குழாயைச் சுற்றி ஒரு மேடை. மேடைமேல் நாற்காலி. நாற்காலியில் ஈரக்கை அய்யா. எந்த வெயிலிலும் அவருடைய வலது உள்ளங்கை ஈரமாகவே இருக்கும். பரீட்சை நாளில் நமக்கும்தான் இருந்தது. யாரும் மேடை போட்டுத் தரவில்லை.

"நிலத்துக்கு அடியில எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கார்," என்பார் அய்யா மைக்கில். "நான் கேட்டா மறுக்க மாட்டார்."

பிறகு கையைக் குழாய்மேல் வைப்பார். கண்ணை மூடுவார். மூன்று முறை இருமுவார். பாவம், ஊர் தாகத்தையெல்லாம் தொண்டையில் தாங்குகிறாரே என்று பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். சற்று நேரத்தில் குழாய் புஸ்ஸென்று சீறும், தண்ணீர் கொட்டும். பாத்திரங்கள் நிரம்பியதும் மைக்கில் இரண்டு தடவை ஊதுவார். தூசு போக ஊதுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். தண்ணீர் நூலாகி நிற்கும்.

இத்தனைக்கும் முன்பெல்லாம் அந்தத் தெருவுக்கு விடிந்ததும் தண்ணீர் தானாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நின்றது. குடிநீர் வாரியத்தில் புகார் சொன்னார்கள். விசாரிக்க வந்தவர் வால்வுக்காரர். தங்கமான மனிதர்.

"மேல இருந்தே வரலக்கா. நான் என்ன பண்றது?" என்று உருகினார். "உங்களை நம்ம ஆளா நினைச்சுச் சொல்றேன். எதுக்கும் அந்த ஈரக்கை அய்யாவை ஒரு தடவை பாருங்க."

வாரியத்துக்குள்ளே இப்படி ஒரு நல்லவர் இருக்கிறாரே என்று தெருவே நெகிழ்ந்தது. லாண்டரிக்காரியும் நெகிழ்ந்துதான் போனாள். அவருடைய காக்கிச் சட்டைக்கு அன்றைக்குக் கூடுதலாகக் கஞ்சி போட்டாள்.

அய்யா காசு வாங்க மாட்டார். அவ்வளவு கேவலமானவர் இல்லை. "உங்களுக்குப் பிடிச்ச பொருள் ஒண்ணு கொடுங்க, ஆசை அறுபடட்டும்" என்பார். சலூன்காரர் தன் சுழல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, இப்போது ஸ்டூலில் உட்காரவைத்து முடி வெட்டுகிறார். தையல்காரர் மின்விசிறியைக் கொடுத்துவிட்டு வியர்வையில் தைக்கிறார். ஊருடைய ஆசையெல்லாம் அய்யா வீட்டுக்கு வண்டி ஏறிப் போனது.

இன்று லாண்டரியின் முறை. லாண்டரிக்காரியின் புருஷன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான், சலவை மெஷினைத் தருவதாக.

"தண்ணி இல்லாம மெஷின் எதுக்கு?" என்றான்.

"மெஷின் இல்லாம தண்ணி எதுக்குங்க? வாய் கொப்புளிக்கவா?"

"ஆஸ்பத்திரிப் போர்வை மலையா குவிஞ்சு கிடக்கு. நாளைக்குக் கொடுக்கலன்னா ஆர்டர் கைமாறிடும். தெரியும்ல?"

"தெரியும். மெஷினைக் கொடுத்துட்டு எதுல துவைக்கறது? உங்க அய்யா கையிலயா?"

அவன் கை வண்டிக்காரனைக் கூப்பிடப் போனான்.

அவள் அய்யாவின் ஜிப்பாவை அலசியபடி யோசித்தாள். வலது கைப்பகுதியில் மட்டும் பூஞ்சை பூத்திருந்தது. சக்தி பொங்கினால் துணி பளபளக்க வேண்டும், பூஞ்சை பூப்பானேன்? ஈரப் பஞ்சு எதையாவது உள்ளே செருகி வைத்தால்தான் இப்படிப் பூக்கும். அப்புறம் போன வாரம் கரண்ட் போனது நினைவுக்கு வந்தது. மைக் இல்லாமல் அய்யா தொண்டை கிழிய இருமினார். ஒரு சொட்டு வரவில்லை. "கூட்டத்துல ஒரு பாவி இருக்கான்" என்று சொல்லி இறங்கிப் போனார். ஆளாளுக்குப் பக்கத்தில் நின்றவனை முறைத்தார்கள். கரண்ட் வந்ததும் அதே பாவிகளுக்குத் தண்ணீர் வந்தது.

அய்யாவின் சக்திக்கும் மின்சாரம் வேண்டுமா?

சாயங்காலம் மேடைக்கு வந்தவள் முதலில் ஒலிபெருக்கிகளை அண்ணாந்து பார்த்தாள். கம்பத்தில் நான்கு இருந்தன. மூன்று கூட்டத்தைப் பார்த்திருந்தன. நான்காவது திரும்பிக்கொண்டு, ஆளே இல்லாத மூலையில் தரையில் பதிந்திருந்த வாரியத்தின் இரும்பு மூடியைப் பார்த்திருந்தது. ஒலிபெருக்கி என்பது காது இருக்கும் பக்கம் திருப்பி வைக்கிற சாமான். அங்கே யாருடைய காது?

கை வண்டியில் மெஷின் வந்து நின்றது. அய்யாவின் முகம் மலர்ந்தது.

"வாம்மா. மெஷினைக் கொடுக்கிற விஷயத்தை உன் வாயால சொல்லு. நாலு பேர் கேட்கட்டும்."

மைக்கை அவரே அவள் கையில் கொடுத்தார்.

அவள் சொல்லவில்லை. மூன்று முறை இருமினாள்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்றார் அய்யா, பதறி.

"அதுக்குத்தானே எல்லாரும் வந்திருக்கோம்."

உடனே ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது. வால்வின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித்தான் திறக்க வேண்டும். காலியாகக் கிடந்த குழாயில் காற்றுதான் இருக்கும். பின்னால் வரும் தண்ணீர் அதை முன்னே தள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் முதலில் சீறல்.

குழாய் சீறியது. தண்ணீர் கொட்டியது.

அய்யாவின் ஈரக்கை அவர் மடியில்தான் இருந்தது.

கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு என்ன செய்தது? யோசித்தது என்று நினைப்பீர்கள். அவள் காலில் விழுந்தது.

"ஈரக்கை அம்மா!" என்று அலறினார் தையல்காரர்.

"என் சக்தி அவ மேல இறங்கிடுச்சு!" என்று சமாளித்தார் அய்யா.

"எழுந்திருங்கண்ணே! இருமலுக்கெல்லாம் காலில விழுந்தா ஆஸ்பத்திரி வாசல்லயே குடியிருக்க வேண்டியதுதான்!"

மைக்கில் இரண்டு முறை ஊதினாள். தண்ணீர் மெலிந்து நின்றது. அம்மாவுக்குக் கோபம் என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

மைக்கை அவள் சலூன்காரரிடம் நீட்டினாள். "நீங்க இருமுங்க."

"நானா? நான் நேத்து சனியனேன்னு குடத்தைத் திட்டினவன்மா. பாவி."

"பாவியே இருமட்டும்."

இருமினார். குழாய் சீறியது. அவர் பயந்துபோய், மைக் சுடுகிற மாதிரி இரண்டு தடவை ஊதினார். நின்றது. அதற்குள் சிறுமி ஒருத்தி மைக்கைப் பிடித்து இருமினாள்.

இந்த முறை தண்ணீர் வரவில்லை. லாண்டரிக்காரி நான்காவது ஒலிபெருக்கி பார்த்த பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். கூட்டம் பின்னால் ஓடியது. இரும்பு மூடியை அவளும் புருஷனும் தூக்கி நகர்த்தினார்கள். கீழே போன் சிக்னல் எட்டாத ஆழம். அங்கிருந்து ஒரு குரல் தலை நிமிராமலே கத்தியது:

"ஏன் மச்சான், திறக்கச் சொல்ற, மூடச் சொல்ற, மறுபடி திறக்கச் சொல்ற! கை விட்டுப் போச்சு! ஏதாவது ஒரு முடிவுக்கு வா!"

நிமிர்ந்தார். அவள் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த அதே காக்கிச் சட்டை.

"யாரு அண்ணே உங்க மச்சான், அய்யாவா?" என்றாள் லாண்டரிக்காரி.

பதிலுக்கு வால்வுக்காரர் சக்கரத்தைச் சுற்றி முழுசாகத் திறந்துவிட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். அதற்குள் மேடையில் நாற்காலி மட்டும் இருந்தது. ஜிப்பாவிலிருந்து நழுவிய ஈரப் பஞ்சு ஒன்று அதன்மேல் கிடந்தது.

அவள் புருஷன் கை வண்டியை லாண்டரிப் பக்கம் திருப்பினான். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிப் போர்வைகள் கொடியில் ஏறின.

தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் மட்டும் தயங்கித் தயங்கி வந்தார்.

"அப்போ இனிமே யாரைத்தாம்மா நம்பறது? வால்வுக்காரரையா?"

"யாரையும் வேண்டாம்ணே. உங்க கழுத்துக்கு மேலயும் ஒரு தொட்டி இருக்கு. அதுக்கும் வால்வு இருக்கு. அதைத் திறக்க உள்ளே ஆளும் வேண்டாம், இருமலும் வேண்டாம். துரு ஏறிக் கிடக்கும், கொஞ்சம் பலமாத் திருகுங்க."