என் முகம் செய்துவைத்த கல்யாண ஏற்பாடு

முகத்தைப் பார்த்தே மனதைப் படித்துவிடுவேன் என்று யாராவது சொன்னால், நான் இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். அப்படிப் படிக்கத் தெரிந்த ஒரு முழு அலுவலகமே சேர்ந்து எனக்குக் கல்யாணம் முடிக்கப் பார்த்தது. விஷயம் கடைசியாகத் தெரிந்த ஆள் நான்தான்.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய சமயம். எனக்கு இருபத்து நான்கு வயது. வீடு ராயபுரம், வேலை திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில். லாரிகளுக்கு கேட் பாஸ் அடித்துக் கொடுக்க வேண்டும். அதே லாரிகள் சாலையை அடைத்து நிற்பதால், பாதி நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்தே போவேன். அந்த வருஷம்தான் என் கன்னமும் மூக்கும் சிவக்க ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் கொஞ்சம் வெளுப்பு (அதில் எனக்குப் பெருமை வேறு). அதனால் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. கூடவே பரு மாதிரி சின்னச் சின்னப் பொரிகள்.

"இன்னாடி, மூஞ்சி தக்காளி கணக்கா கீது? ஒடம்புல சூடுடி" என்று அம்மா தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் தீப்பிடித்தது. நான் அலறினேன்.

"எரியுதா? அப்ப வேல செய்யுதுன்னு அர்த்தம். கம்முனு இரு."

அடுத்த வைத்தியர், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி ஸ்டெல்லா. "இத்தப் பூசு. எங்க அக்கா இத்தத்தான் பூசிகினு கீறா, மூஞ்சி மொழுமொழுன்னு ஆயிடுச்சு" என்று ஒரு க்ரீமின் பெயரை எழுதிக் கொடுத்தாள். மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் முகம் நிலா. இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் பூசாமல் விட்டால் மறுநாள் முன்பைவிட இரண்டு மடங்கு சிவந்து பழிவாங்கியது. நானும் விடாமல் பூசினேன். (படித்த பெண் என்று வெளியே சொல்லிக்கொள்வேன்.)

யார்டில் பதினோரு மணிக்குக் கொதிக்கக் கொதிக்க டீ வரும். அதே பதினோரு மணிக்குத்தான் எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் தன் ஏசி அறையிலிருந்து வந்து, என் மேஜைமேல் இருக்கும் கேட் பாஸ் நோட்டைப் புரட்டுவார். டீ உள்ளே இறங்கும், முகம் சிவக்கும், எதிரே அவர் நிற்பார். பத்துப் பேர் இதைத் தினமும் பார்த்து, வெட்கம் என்று அவர் காதிலும் போட்டார்கள். என் கையிலிருந்த டீயை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் தனசேகரின் சட்டைக்கு இஸ்திரி வந்தது. கழுத்தில் பவுடர் வந்தது. "டீ சாப்டீங்களா?" என்று ஒரு கேள்வியும் வந்தது. "சாப்ட்டேன் சார்" என்பேன், சிவந்தபடி. "இவருக்கு எங்கியோ பொண்ணு பாத்துட்டாங்க போலிருக்கு, பாவம் அந்தப் பொண்ணு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் மேஜையில் கவிழ்ந்து சிரித்தாள். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முகத்தில் தண்ணீர் பட்டாலே எரிகிற நிலை வந்தபிறகுதான், ஒரு வெள்ளிக்கிழமை அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா க்ரீம் ட்யூபைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இது பரு இல்லம்மா. ரோசேஷியான்னு பேரு. மூஞ்சில இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் சட்டுனு விரிஞ்சுடும். வெயில், சூடான டீ, காரம், கோபம் எல்லாமே கிளப்பிவிடும். இந்த ஸ்டீராய்டு க்ரீம் அதை இன்னும் மோசமாக்கிடுச்சு."

"போயிடுமா மேடம்?"

"அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வெக்கலாம். மாத்திரை எழுதுறேன், தடவ ஒரு மருந்து. குடை எடுத்துட்டுப் போ. டீயை ஆறவெச்சுக் குடி. எலுமிச்சம்பழம் இருந்தா ஜூஸ் போடு; மூஞ்சில தேய்க்காத."

வெள்ளிக்கிழமை கேட்டதை ஞாயிற்றுக்கிழமை மறந்தேன். காரணம், காத்திவாக்கத்து மாமா கொடுத்தனுப்பிய எறா மீன். அம்மா கைநிறைய மிளகாய்த்தூள் போட்டுத் தொக்கு செய்திருந்தாள். மூன்றாவது கவளத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. தனசேகரின் அம்மாவும் அக்காவும் பூ, பழத் தட்டுகளோடு இறங்கினார்கள். யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். காரத்தில் கண்ணில் நீர். முகம் ரத்தச் சிவப்பு.

"பாரேன், இன்னா வெக்கம்!" என்றார் அந்த அம்மா பூரித்துப்போய். "எம்புள்ள சொன்னது மெய்யாலுமே கரெக்டு."

"அப்டில்லாம் ஒண்ணுமே இல்லீங்க!" கோபத்தில் இன்னும் சிவந்தேன்.

"அவன் பேச்ச எடுத்ததும் ஏறிகினே போவுது பாரு!"

என் அம்மாவாவது காப்பாற்றுவாள் என்று திரும்பினேன். அவள் ஏற்கெனவே பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "எங்கையில ஒரு வார்த்த சொல்லலியேடி!" என்று கண்கலங்கினாள்.

வாயால் சொல்லி யாரும் நம்பப்போவதில்லை. உள்ளே ஓடி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவந்து தனசேகரின் அக்காவிடம் நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டினார். "ரோ... ரோசா... ரோசான்னு இன்னாமோ போட்டுகீது மா."

"ரோசாவா! டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரா?"

"அது வியாதி பேருங்க!" என்று கத்தினேன்.

அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். "ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க."

"பொறக்கப்போற புள்ளிங்களுக்கு வருமா?" அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் முன்பு மகாலட்சுமிக் களையாக இருந்த அதே சிவப்புதான். பழத் தட்டுகள் வந்த வேகத்தில் ஆட்டோ ஏறின. அம்மாவின் தலையிலிருந்த பூவை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

அம்மா அந்தப் பூவோடேயே தெருவில் இறங்கினாள். "யாருக்கு வியாதி? டீ குடிச்சா செவக்கும், அவ்ளோதான்! நீங்க இன்னா வேணாம்னு சொல்றது? நாங்க எப்ப வேணும்னோம்?" தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

திங்கட்கிழமை தனசேகர் டீக்கு முன்பே, பத்தரை மணிக்கு வந்தார். நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்: "அப்ப... டீதானா?"

"ஆமா சார். டீதான்."

"ஓ" என்று நோட்டை மூடிவிட்டுப் போனார். அன்று முழுவதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பவுடர் மறுநாளே நின்றுபோனது.

ஆறு வாரத்தில் மருந்து வேலை செய்தது. எரியாமலே வேலை செய்தது. இரண்டு வருஷம் கழித்து வேறொரு வரன் பெண் பார்க்க வந்தது. பழைய அனுபவத்தின் பயத்தில், அம்மா அவர்களை உட்காரக்கூட விடவில்லை. நடு வீட்டில் நின்று உரக்க அறிவித்தாள்: "முன்னாடியே சொல்லிட்றேன். மூஞ்சி செவந்தா தப்பா நெனைக்காதீங்க. எங்க பொண்ணுக்கு வெக்கமே கெடையாது!"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் புரை ஏறி, அவர் முகம்தான் சிவந்தது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், புதிதாக யாரைப் பார்த்தாலும், முகத்தைத் துளிக்கூடச் சிரிக்கவிடாமல் என்னை அறிமுகப்படுத்துகிறார்: "இவங்கதான் என் சம்சாரம். வெக்கமே கெடையாதுன்னு எங்க மாமியாரே கேரன்டி குடுத்துகீறாங்க."